"வாங்க பாத்துக்கலாம்"ன்றது பதில் இல்ல: இன்ஜினியரிங் கவுன்சிலிங், ஹாஸ்டல் கேள்விகளுக்கு முன்னாடியே பதில் வாங்குறது எப்படி? முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ ரிசல்ட் வந்தா போதும், எங்க தெரு பசங்க, சொந்தக்காரங்க பசங்கன்னு ஆளாளுக்கு போன் பண்ணி "அக்கா எந்த காலேஜ் போடலாம், எந்த குரூப் எடுக்கலாம்"னு கேப்பாங்க. ஹாஸ்டல் இருக்கா, அதை யாருகிட்ட கேக்கணும்னு மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நாங்களும் அப்படித்தான் இருந்தோம், அதனால பட்டோம்.

என் தங்கச்சிக்கு கோயம்புத்தூர்ல ஒரு காலேஜ்ல சீட் கெடைச்சுது. போறதுக்கு முன்னாடி காலேஜுக்கு போன் பண்ணி ஹாஸ்டல் பத்தி கேட்டோம், எடுத்தவரு "வாங்கம்மா, பாத்துக்கலாம்"னு சொன்னாரு, நாங்களும் அதை நம்பி பாய் தலகாணி பக்கெட் ட்ரங்க் பெட்டின்னு எல்லாத்தையும் தூக்கிட்டு நைட் பஸ் ஏறிட்டோம். காலைல ஆபீஸ்ல போய் நின்னா ஹாஸ்டல் ஃபுல், வெயிட்டிங் லிஸ்ட்ல பேர் எழுதிட்டுப் போங்கன்றாங்க. அம்மா அலாட்மென்ட் ஆர்டரை எடுத்து நீட்டி "கவர்மென்ட்லயே குடுத்திருக்காங்களே சார்"னு கேட்டாங்க, அவரு அதைத் திருப்பிக் காட்டி "இதுல ஹாஸ்டல்னு எங்கம்மா போட்டிருக்கு, இது சீட்டுக்கான ஆர்டர்"னு சொன்னாரு. அவர் சொன்னது சரிதான். அஞ்சு வாரம் தங்கச்சி திருப்பூர்ல சித்தி வீட்ல இருந்து தினமும் போய்ட்டு வந்தா, மொத இன்டர்னல்ல மார்க் எறங்குனதுக்கு அந்த அலைச்சல்தான் காரணம்னு நான் இன்னிக்கும் நெனைக்கிறேன்.

அதனால இதை நான் விளக்கமா எழுதுறேன், தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங், அதாவது டிஎன்இஏ வழியா போறவங்களுக்கு. தேதியெல்லாம் வருஷா வருஷம் மாறும், அதை டிஎன்இஏ வெப்சைட்ல பாத்துக்கோங்க. ஆனா கேக்குற முறை மாறாது.

முதல் வேலை: எந்தக் கேள்வி யாருக்குன்னு பிரிங்க

ஒரு நோட்டு எடுங்க. நடுவுல கோடு போட்டு ஒரு பக்கம் "சீட்டு", இன்னொரு பக்கம் "தங்குறது"ன்னு எழுதுங்க. ரெண்டுக்கும் பதில் சொல்றவங்க வேற வேற ஆளுங்க, அவங்களுக்குள்ள பேசிக்கவும் மாட்டாங்க.

சீட்டு சம்பந்தமா எதுவா இருந்தாலும், ரேங்க், கம்யூனிட்டி, சர்டிபிகேட், சாய்ஸ் (எந்த காலேஜ், எந்த பிராஞ்ச் வேணும்னு நாம போடுற வரிசை), அலாட்மென்ட், எல்லாத்துக்கும் பதில் சொல்ல வேண்டியது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். இன்னமும் நெறைய பேர் "அண்ணா யூனிவர்சிட்டி கவுன்சிலிங்"னுதான் சொல்றாங்க, அதனால அண்ணா யூனிவர்சிட்டிக்கே போன் போட்டு நாள் முழுக்க லைன் கெடைக்காம காத்திருக்காங்க. 2019-லேர்ந்து கவுன்சிலிங் நடத்துறது இயக்ககம்தான். அவங்க ஹெல்ப்லைன் நம்பர் வெப்சைட் முகப்புலயே இருக்கும். அதைவிட நல்ல வழி, உங்க மாவட்டத்துல இருக்குற டிஎஃப்சி, அதான் உதவி மையம். அரசு இன்ஜினியரிங் காலேஜ், பாலிடெக்னிக் மாதிரி எடங்கள்ல வெச்சிருப்பாங்க. நேர்ல போய் உங்க அப்ளிகேஷனை ஸ்க்ரீன்ல திறந்து காட்டச் சொல்லிக் கேக்கலாம், காசு எதுவும் தர வேண்டாம்.

தங்குறது பத்தின கேள்விய டிஎஃப்சில கேட்டா அவங்களுக்குத் தெரியாது. அது அந்தந்த காலேஜ் ஹாஸ்டல் ஆபீஸ், வார்டன் கையில. காலேஜ் மெயின் நம்பர்ல எடுக்குறவரு பல எடத்துல அட்மிஷன் செக்‌ஷன் ஆள்தான், நீங்க சேரணும்ன்றதுதான் அவரு வேலை, அதனால அவர்கிட்ட ஹாஸ்டல் பத்தி கேட்டா "பாத்துக்கலாம்"னுதான் வரும். "ஹாஸ்டல் ஆபீஸ் நம்பர் குடுங்க சார்"னு மட்டும் கேட்டு வெச்சிடுங்க.

ப்ரௌசிங் சென்டர் அண்ணன், டியூஷன் சார், போன வருஷம் சேந்த பக்கத்து வீட்டுப் பையன், இவங்க சொல்றதையெல்லாம் கேட்டுக்கோங்க, ஆனா நோட்டுல பதில்னு எழுதாதீங்க. அதிகாரம் உள்ள ஆள் சொன்னாத்தான் அது பதில்.

ரெண்டாவது: ரிஜிஸ்டர் பண்ணும்போதே தீர்க்க வேண்டியது

கட்-ஆஃப் 200-க்கு. மேத்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50. மேத்ஸ் 92, பிசிக்ஸ் 88, கெமிஸ்ட்ரி 84 எடுத்தவங்களுக்கு 92, 44, 42 கூட்டி 178. இதை நீங்களே போட்டு வெச்சுக்கோங்க, ரேங்க் லிஸ்ட் வர்ற அன்னிக்கு சரிபாக்க உதவும். ரேங்க் லிஸ்ட்ல தப்பு இருந்தா அதைச் சொல்ல கொஞ்ச நாள்தான் டைம் குடுப்பாங்க, அதுக்குள்ள டிஎஃப்சிக்கு ஓடணும், கவுன்சிலிங் ஆரம்பிச்ச பிறகு போய் கம்யூனிட்டி தப்பா இருக்குன்னு அழுதா யாரும் மாத்த முடியாது.

சர்டிபிகேட்ல ஜனங்க அதிகமா தடுமாறுறது முதல் பட்டதாரி சர்டிபிகேட்லதான். ஈ-சேவை மையத்துல அப்ளை பண்ணா தாசில்தார் ஆபீஸ்லேர்ந்து வரும். அப்பா அம்மா மட்டும் இல்ல, தாத்தா பாட்டி, கூடப் பொறந்தவங்க யாரும் பட்டதாரியா இருக்கக் கூடாது. அண்ணனோ அக்காவோ ஏற்கனவே இந்த சலுகைல படிச்சுட்டு இருந்தா உங்களுக்குக் கெடைக்காது. கவுன்சிலிங் மூலமா சேந்தாத்தான் செல்லும், மேனேஜ்மென்ட் கோட்டால சேந்தா இல்ல. இன்னொன்னு, இதுல கழியுறது டியூஷன் ஃபீஸ்ல மட்டும்தான், ஹாஸ்டல் ஃபீஸும் மெஸ் பில்லும் அப்படியே இருக்கும். எத்தனையோ வீட்ல "முதல் பட்டதாரி இருக்கு, செலவு பெருசா இருக்காது"ன்னு நெனச்சு உக்காந்துட்டு, ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட நகைய அடகு வெக்கிறாங்க.

ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சவங்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இன்ஜினியரிங்ல 2021-லேர்ந்து இருக்கு. அந்த ஒதுக்கீட்டுல சேர்றவங்களுக்கு டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ், கவுன்சிலிங் ஃபீஸ் மூணையும் அரசே ஏத்துக்கும்னு அந்த வருஷமே அறிவிச்சாங்க. ஹாஸ்டலும் சேத்துதான், இது பல அம்மா அப்பாவுக்குத் தெரியவே மாட்டேங்குது. அதனால ஸ்கூல்ல ஹெட்மாஸ்டர்கிட்ட ஆறாவதுலேர்ந்து படிச்ச விவரம் சரியா இருக்கான்னு இப்பவே கேட்டு வாங்குங்க. நடுவுல ஒரு வருஷம் எய்டட் ஸ்கூல்ல படிச்சிருந்தா கூட நிலைமை மாறும், அதை மறைக்காம டிஎஃப்சில கேளுங்க.

புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன்னு அரசு உதவித்தொகைத் திட்டங்கள்ல மாசம் 1000 ரூபாயும் இருக்கு. அதை காலேஜ்ல சேந்த பிறகு காலேஜ் மூலமாத்தான் போடணும், இப்ப அதைப் போட்டு மண்டைய ஒடச்சிக்க வேண்டாம். எட்டாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரை தமிழ்நாட்டுலயே படிச்சவங்களுக்கு நேட்டிவிட்டி சர்டிபிகேட் தேவையில்ல, அதுக்குன்னு தாலுகா ஆபீஸ் அலைய வேண்டாம்.

மூணாவது: சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன்னாடி ஹாஸ்டல் கேள்வி

இந்தப் பதிவுலயே முக்கியமான எடம் இதுதான், மெதுவா படிங்க.

எல்லாரும் அலாட்மென்ட் வந்த பிறகுதான் ஹாஸ்டல் கேக்குறாங்க. அலாட்மென்ட் வந்த பிறகு முடிவு சொல்ல உங்களுக்கு ரெண்டு மூணு நாள்தான் இருக்கும், அந்த அவசரத்துல எந்தப் பதிலும் உங்களுக்கு உதவாது. சாய்ஸ் லிஸ்ட் போடுறதுக்கு பத்து நாள் முன்னாடியே, உங்க கட்-ஆஃபுக்கு வரக்கூடிய காலேஜ் ஒரு பதினஞ்சு எழுதி, ஒவ்வொண்ணுக்கும் ஹாஸ்டல் பதில் வாங்கிட்டுதான் வரிசை போடணும்.

அதுக்கும் முன்னாடி காலேஜ் எங்க இருக்குன்னு தெரியணும். "அண்ணா யூனிவர்சிட்டி கெடைச்சிருக்கு"ன்னு சொல்றாங்க, ஆனா அந்தப் பேருக்குக் கீழ எத்தனை எடம்னு யோசிங்க. கிண்டில சிஇஜி, ஏசிடி இருக்கு, ஆனா எம்ஐடி குரோம்பேட்டைல இருக்கு, அதுக்கு ஹாஸ்டல் தனி. கோயம்புத்தூர், மதுரை, திருநெல்வேலில மண்டல வளாகங்கள் இருக்கு. விழுப்புரம், திண்டிவனம், ஆரணி, பண்ருட்டி, அரியலூர், பட்டுக்கோட்டை, திருக்குவளைன்னு உறுப்புக் கல்லூரிகள் இருக்கு. இதுக்கெல்லாம் மேல நூத்துக்கணக்குல இணைப்புக் கல்லூரிகள், டிகிரி அண்ணா யூனிவர்சிட்டி பேர்ல வரும், ஆனா ஹாஸ்டல் அந்தந்த காலேஜோடது. காலேஜ் பேரைப் பாத்து முடிவு பண்ணாம காலேஜ் கோடை எழுதி வெச்சுக்கோங்க. சிஇஜிக்கு 1, கோயம்புத்தூர் ஜிசிடிக்கு 2005, பிஎஸ்ஜி டெக்குக்கு 2006. அடுத்தடுத்த நம்பர், வேற வேற காலேஜ், ஒண்ணு அரசு, இன்னொண்ணு அரசு உதவி பெறுறது. போன்ல பேசும்போதும் கோடு சொல்லிக் கேளுங்க.

பிராஞ்ச் பேருக்குப் பக்கத்துல எஸ்எஸ்னு போட்டிருந்தா அது செல்ஃப் சப்போர்ட்டிங், அதே காலேஜ்தான் ஆனா ஃபீஸ் கூட. சாண்ட்விச்னு இருந்தா அது 5 வருஷப் படிப்பு, ஹாஸ்டல் செலவும் 5 வருஷத்துக்கு. இதைக் கவனிக்காம க்ளிக் பண்ணிட்டு அப்புறம் வருத்தப்பட்டவங்களை எனக்குத் தெரியும்.

இப்ப ஹாஸ்டல் ஆபீஸ்ல கேக்க வேண்டியது. "ஹாஸ்டல் இருக்கா"ன்னு கேக்காதீங்க, எல்லா எடத்துலயும் இருக்குன்னுதான் சொல்வாங்க. ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு எத்தனை எடம் ஒதுக்கியிருக்கீங்க, எந்த வரிசைல குடுக்குறீங்கன்னு கேளுங்க, ரேங்க் படியா, மொதல்ல வர்றவங்களுக்கா, தூரம் பாத்தா? ஹாஸ்டல் அப்ளிகேஷன் தனியா போடணுமா, எப்போ? பல காலேஜ்ல அதே ஊருக்காரங்களுக்கும் பக்கத்து ஊருக்காரங்களுக்கும் ஹாஸ்டல் தர மாட்டாங்க, எங்க ஊரு இது, இத்தனை கிலோமீட்டர், எனக்குக் கெடைக்குமான்னு கேளுங்க. கெடைக்கலன்னா வெயிட்டிங் லிஸ்ட் உண்டா, போன வருஷம் எத்தனை பேருக்கு அதுலேர்ந்து கெடைச்சுதுன்னும் கேளுங்க.

அடுத்து காசு. ரூம் வாடகை, எஸ்டாப்ளிஷ்மென்ட் சார்ஜ், காஷன் டெபாசிட், மெஸ் அட்வான்ஸ்னு நாலஞ்சு பேர்ல வரும், எது திரும்ப வரும், எது வராதுன்னு ஒவ்வொண்ணா கேளுங்க. மெஸ் டிவைடிங் சிஸ்டமா, மொத்தமா ஒரே தொகையான்னு கட்டாயம் கேக்கணும். டிவைடிங்னா மாசக் கடைசில ஆன செலவை சாப்பிட்டவங்க எண்ணிக்கையால வகுத்துப் போடுவாங்க, ஒவ்வொரு மாசமும் மாறும், அதனால கடைசி மூணு மாசம் பில் எவ்வளவு வந்துச்சுன்னு கேட்டா உண்மையான செலவு தெரிஞ்சிடும். லீவுக்கு ஊருக்குப் போனா ரிடக்‌ஷன் உண்டா, எத்தனை நாள் போனா உண்டுன்னும் கேளுங்க. சைவம் மட்டும் சாப்பிடுற பசங்க, சுகர் இருக்குற பசங்க, இன்சுலின் ஃப்ரிட்ஜ்ல வெக்கணும்னா அதையும் கூச்சப்படாம இப்பவே சொல்லிடுங்க.

பொண்ணுங்களுக்கு இன்னும் ரெண்டு மூணு இருக்கு. கேட் டைம் எத்தனை மணி, ஊருக்குப் போக அவுட்பாஸ் எப்படி, அப்பா அம்மாதான் நேர்ல வந்து கூட்டிட்டுப் போகணுமா. எங்க பக்கத்து ஊர் பொண்ணு ஒருத்தி, அம்மா மட்டும்தான், அவங்க வயல் வேலைக்குப் போறவங்க, ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போட முந்நூறு கிலோமீட்டர் வர முடியுமா? அந்த மாதிரி வீட்டுக்கு போன்லயே சொல்ற வழி இருக்கான்னு முன்னாடியே கேட்டு வெச்சாதான் பிள்ளைக்கு நிம்மதி.

நாலாவது: எப்படிக் கேக்கணும்

போன் பண்ணா காலைல பத்தரைக்கு மேல, மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி பண்ணுங்க. பிள்ளையே பேசட்டும், அப்பா அம்மா பக்கத்துல இருங்க. மொதல்லயே "சார், எழுதிக்கிறேன், உங்க பேரும் செக்‌ஷனும் சொல்றீங்களா"ன்னு மரியாதையா கேட்டா, எதிர்ல இருக்கிறவரும் கொஞ்சம் நிதானமா பதில் சொல்வாரு. தேதி, நேரம், பேரு, சொன்ன பதில், நாலும் நோட்டுல வரணும்.

போனை வெச்சதும் அதே கேள்விகளை மெயில்ல அனுப்புங்க. இங்கிலீஷ் வரலேன்னு தயங்க வேண்டாம், தமிழ்ல எழுதினா போதும். நான் பசங்களுக்கு எழுதித் தர்றது இப்படித்தான்:

"ஐயா, வணக்கம். நான் இந்த வருடம் பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்துள்ளேன். என் கட்-ஆஃப் 178. தங்கள் கல்லூரியை விருப்பப் பட்டியலில் வைக்க உள்ளேன். எங்கள் ஊர் கல்லூரியிலிருந்து 210 கிலோமீட்டர் தூரம். தினமும் வந்து போக இயலாது. கீழ்க்கண்டவற்றுக்குப் பதில் தந்தால் உதவியாக இருக்கும். ஒன்று, முதலாம் ஆண்டு மாணவிகளுக்கு விடுதி இடம் எந்த அடிப்படையில் தரப்படுகிறது? இரண்டு, விடுதிக்கு எப்போது, எப்படி விண்ணப்பிக்க வேண்டும்? மூன்று, முதல் முறை கட்ட வேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு, அதில் திரும்பக் கிடைப்பது எவ்வளவு? இன்று காலை 11 மணிக்கு விடுதி அலுவலகத்தில் பேசியபோது இடம் கிடைக்கும் என்று கூறினார்கள், அதை உறுதி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரிய விட்ராதீங்க. அதுக்கு "ஆமா"ன்னு ஒரு வரி பதில் வந்துச்சுன்னா பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வைங்க, நாளைக்கு ஆபீஸ்ல நிக்கும்போது அது பேசும். நாலு நாள் பதில் இல்லேன்னா அதே மெயிலைத் திரும்ப அனுப்புங்க, அப்பவும் இல்லேன்னா, கோடைல போய்ட்டு வரக்கூடிய தூரம்னா, ஒரு தடவை நேர்ல போங்க. அங்க படிக்கிற ரெண்டாம் வருஷப் பசங்களைப் பாத்து தண்ணி எப்படி, சோறு எப்படி, ஒரு ரூம்ல எத்தனை பேருன்னு கேளுங்க, வார்டன் சொல்லாததை அவங்க சொல்வாங்க. இடம் உண்டா இல்லையான்ற உறுதிய மட்டும் ஆபீஸ்லதான் வாங்கணும்.

அஞ்சாவது: அலாட்மென்ட் வந்த அந்த ரெண்டு நாள்

தற்காலிக அலாட்மென்ட் வந்ததும் அஞ்சு வழி காட்டும். ஏத்துக்கிட்டு சேர்றேன், ஏத்துக்கிட்டு மேல உள்ள சாய்ஸுக்குக் காத்திருக்கேன், இது வேண்டாம் மேல உள்ளதுக்கு மட்டும் காத்திருக்கேன், வேண்டாம் அடுத்த ரவுண்டுக்குப் போறேன், வேண்டாம் வெளிய போறேன். ரெண்டாவதுதான், அதாவது அக்செப்ட் அண்ட் அப்வேர்டுதான் நெறைய பேருக்குக் குழப்பம். மேல உள்ளது கெடைச்சுட்டா கீழ உள்ளது தானா போயிடும், "பழையதே நல்லாருந்துச்சு"ன்னு திரும்ப முடியாது. மேல உள்ள காலேஜ்ல ஹாஸ்டல் இல்லேன்னு உங்க நோட்டு சொன்னா, அதை மேல போட்டிருக்கவே கூடாது. அதுக்குத்தான் சாய்ஸுக்கு முன்னாடியே கேக்கச் சொன்னேன்.

அப்வேர்டுல இருக்கும்போது எந்த காலேஜுக்கும் ஹாஸ்டல் காசு கட்டாதீங்க. டிஎஃப்சில கட்ட வேண்டியதை மட்டும் சொன்ன தேதிக்குள்ள கட்டுங்க. அக்செப்ட் அண்ட் ஜாயின் குடுத்தவங்க சொன்ன நாளுக்குள்ள காலேஜுக்குப் போய் ரிப்போர்ட் பண்ணலன்னா சீட்டே போயிடும், அது அப்வேர்டுல காத்திருக்கிறவங்களுக்குப் போயிடும்.

ஆறாவது: ஹாஸ்டல் இல்லவே இல்லேன்னா

அரசு நடத்துற மாணவர் விடுதிகள் இருக்கு, பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறைகள் நடத்துறது, 2025-லேர்ந்து சமூகநீதி விடுதின்னு பேரு. தங்குறதும் சாப்பாடும் இலவசம். வருமான வரம்பு உண்டு, பிற்படுத்தப்பட்டோர் விடுதில வீட்டுக்கும் காலேஜுக்கும் குறைஞ்சது 8 கிலோமீட்டர் தூரம் இருக்கணும்னு விதி இருக்கு, பொண்ணுங்களுக்கு அந்த தூர விதி கெடையாது. கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல அந்தந்த நலத்துறை ஆபீஸ்ல கேட்டா காலேஜ் பக்கம் எந்த விடுதி, எத்தனை காலியிடம்னு சொல்வாங்க. காலேஜ் இருக்குற மாவட்டத்துல கேக்கணும், உங்க சொந்த மாவட்டத்துல இல்ல. எஸ்சி எஸ்டி பசங்க போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் போடும்போது ஹாஸ்டலரா டே ஸ்காலரான்னு சரியா குறிங்க, தொகை மாறும்.

பிஜி, அதான் காசு குடுத்துத் தங்குற தனியார் விடுதி, பாக்குறதா இருந்தா, பொண்ணுங்க பிஜிக்கு கலெக்டர்கிட்ட லைசென்ஸ் வாங்கணும்னு 2014 சட்டமே இருக்கு. "லைசென்ஸ் காட்டுங்க"ன்னு கேளுங்க, காட்டத் தயங்குற எடத்துல பிள்ளைய விட வேண்டாம். அட்வான்ஸ் எவ்வளவு, காலி பண்ண எத்தனை நாள் முன்னாடி சொல்லணும், கரண்ட் பில் தனியா, ஞாயித்துக்கிழமை சாப்பாடு உண்டா, இதெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி வாங்குங்க. கொஞ்சம் தள்ளி இருந்தாலும் டவுன் பஸ் ரூட்ல பாருங்க, சாதாரண டவுன் பஸ்ல பொண்ணுங்களுக்குக் காசில்ல.

கட்டின காசும் ஒரிஜினலும்

ஏஐசிடிஇ, அதாவது அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் விதிப்படி வகுப்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி விலகினா அதிகபட்சம் 1000 ரூபா மட்டும் பிடிச்சுட்டு மீதி ஃபீஸைத் திருப்பித் தரணும், ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் புடிச்சு வெக்கக் கூடாது. அதனால சர்டிபிகேட் குடுக்கும்போது என்னென்ன குடுத்தீங்கன்னு ஒரு லிஸ்ட்ல சீல் போட்டு வாங்குங்க. எல்லாத்துக்கும் அஞ்சு செட் ஜெராக்ஸ், போன்ல ஒரு ஸ்கேன். ஹாஸ்டல் காசு திரும்ப வருமான்றது தனிக் கேள்வி, அதைத் தனியா எழுதிக் கேளுங்க.

ராகிங் பயம் இருக்குற பிள்ளைங்களுக்கு: தமிழ்நாட்டுல 1997-லேர்ந்தே ராகிங் தடைச் சட்டம் இருக்கு. யூஜிசி 2009 விதில ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு முடிஞ்ச வரை தனி பிளாக் தரணும்னு இருக்கு, உங்க காலேஜ்ல தனி பிளாக் உண்டான்னு ஹாஸ்டல் ஆபீஸ்ல கேளுங்க. 24 மணி நேர ஹெல்ப்லைன் 1800-180-5522, அதைப் பிள்ளை போன்லயும் அம்மா போன்லயும் சேவ் பண்ணி வைங்க.

சேர்ற அன்னிக்கு

அந்த நோட்டு, மெயில் பிரிண்ட், ரசீதுங்க, எல்லாம் ஒரே ஃபைல்ல கையில இருக்கட்டும். மொதல்ல ஹாஸ்டல் ஆபீஸுக்குப் போய் ரூம் நம்பர் எழுதின சீட்டு வாங்குங்க, அதுக்கப்புறம் பஸ் ஸ்டாண்ட் க்ளோக் ரூம்ல வெச்ச பெட்டிய எடுக்கப் போங்க. ரூமுக்குள்ள போனதும் கட்டில், ஃபேன், ஜன்னல், லாக்கர் எல்லாத்தையும் ஒரு போட்டோ எடுங்க, ஒடஞ்சது எதுவா இருந்தாலும் அன்னிக்கே வார்டன்கிட்ட எழுதிக் குடுத்துடுங்க, இல்லேன்னா நாலு வருஷம் கழிச்சு காஷன் டெபாசிட்ல பிடிப்பாங்க. தங்கச்சிக்கு அஞ்சு வாரம் கழிச்சு ரூம் கெடைச்ச அன்னிக்கு அம்மா பண்ண மொத வேலை அதுதான், ஜன்னல் கொக்கி இல்லேன்னு அவங்களே ஒரு பேப்பர்ல எழுதி தேதி போட்டு வார்டன் மேடம்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுத்தான் ஊருக்கு பஸ் ஏறுனாங்க.